சொல் தந்த மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சிக்மண்ட் பிராய்டு என்ற பெயரைக் கேட்டதும் கனவுகளும் நனவிலி மனமுமே நம் நினைவுக்கு வருகின்றன. வியன்னா நகரத்து அறையில் நோயாளியைக் கட்டிலில் படுக்கவைத்து, தலைமாட்டில் அமர்ந்து, அவர் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட தாடிக்காரராகவே அவரை உலகம் அறியும். ஆயின் அந்தப் புகழ் வருவதற்கு முன்னர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவர் வேறொரு மனிதராக வாழ்ந்தார். மீனை அறுத்தார், நரம்பணுவை நுண்ணோக்கியில் பார்த்தார், முடங்கிய குழந்தைகளுக்கு மருத்துவம் செய்தார். அக்காலத்தில் அவர் எழுதிய சிறு நூல் ஒன்று, கண் நன்றாகத் தெரிந்தும் பார்க்கும் பொருள் இன்னதென்று அறிய முடியாத ஒரு விந்தையான நோய்க்குப் பெயர் தந்தது. அந்தப் பெயரை மருத்துவ உலகம் இன்றும் சொல்லி வருகிறது. பிராய்டின் வாழ்வை அந்தப் பக்கத்திலிருந்து சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

1856-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் மொராவியாவிலுள்ள பிரைபர்க் என்னும் சிற்றூரில் பிராய்டு பிறந்தார். அவ்வூர் இன்று செக் குடியரசில் பிரிபோர் என்னும் பெயருடன் விளங்குகிறது. தந்தை யாக்கோபு ஆட்டுரோம வணிகர், தாயார் அமாலியா. யூதக் குடும்பம். வணிகம் நொடித்ததால் 1859-இல் ஊரைவிட்டுப் புறப்பட்டு, லைப்சிக் வழியாக 1860-இல் வியன்னா வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் பலர், வருமானம் குறைவு. எனினும் மூத்த மகன் படிப்பில் கெட்டிக்காரன் என்பதைக் கண்ட பெற்றோர், அவனுக்கென்று தனியறை ஒதுக்கிப் படிக்க வைத்தனர். வீட்டில் ஒருவன் படித்து முன்னேறினால் எல்லாரும் கரையேறலாம் என்ற நம்பிக்கை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்.

1873-இல் தம் 17-ஆம் வயதில் பிராய்டு வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். ஆனால் அவர் மனம் நோயாளிகளிடம் செல்லவில்லை, விலங்கியலிடம் சென்றது. விலங்கியல் பயிலும் நமக்கு இது பெருமை தரும் செய்தியன்றோ? 1876-இல் பேராசிரியர் கார்ல் கிளாஸ் அவரைத் திரியெஸ்தெ என்னும் கடற்கரை நகரிலிருந்த ஆய்வு நிலையத்துக்கு அனுப்பினார். ஆண் விலாங்கு மீனின் விந்தகம் எங்கே உள்ளது என்பது அந்நாளில் விடை தெரியாத வினா. அதற்காக இருபது வயது மாணவர் ஏறக்குறைய 400 விலாங்குகளை அறுத்துப் பார்த்தார். உறுதியான விடை கிட்டவில்லை. கிட்டவில்லை என்பதை மறைக்காமல் அப்படியே எழுதி, 1877-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

நுண்ணோக்கியின் முன்னே

அதே 1876-இல் எர்ன்ஸ்ட் புரூக்கெ என்ற பேராசிரியரின் உடலியல் ஆய்வுக்கூடத்தில் பிராய்டு இடம் பெற்றார். அங்கே அவர் கழித்த ஆறு ஆண்டுகளே தம் மாணவப் பருவத்தின் மகிழ்ச்சியான காலம் என்று பின்னாளில் கருதினார். புரூக்கெ கண்டிப்பானவர். தாமதமாக வரும் மாணவனைத் தம் நீலக் கண்களால் ஒருமுறை நோக்கினாலே போதும், அவன் மறுநாள் நேரத்தோடு வந்துவிடுவானாம்.

நமது முதுகெலும்பிகள் பாடத்தில் பெட்ரோமைசான் என்னும் தாடையற்ற உயிரியைப் படிக்கிறோம். அதன் இளம்பருவமாகிய அம்மோசீட்டின் படத்தை வரைந்து பாகம் குறிக்கிறோம். அந்த உயிரியின் தண்டுவடத்தைத்தான் புரூக்கெ பிராய்டிடம் கொடுத்தார். அதிலுள்ள பெரிய நரம்பணுக்களையும் முடிச்சுகளையும் அவர் நுணுகி ஆராய்ந்தார். கீழ்நிலை உயிர்களின் நரம்பணுவுக்கும் மேல்நிலை உயிர்களின் நரம்பணுவுக்கும் இடைப்பட்ட வடிவங்கள் பல அங்கே இருப்பதைக் கண்டார். அணுவளவிலும் உயிர்கள் படிப்படியாக வளர்ந்து வந்துள்ளன என்பதற்கு அது சான்றாயிற்று. பின்னர் நன்னீரில் வாழும் சிங்கிறாலின் நரம்பணுக்களை உயிரோடு இருக்கும்போதே நோக்கி, 1882-இல் எழுதினார். நரம்பிழைகளைத் தெளிவாகக் காட்டத் தங்கக் குளோரைடு கொண்டு சாயமேற்றும் முறை ஒன்றையும் 1884-இல் வெளியிட்டார்.

1881-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு மார்த்தா பெர்னேஸ் என்ற பெண்ணுடன் மணவுறுதி நடந்தது. ஆய்வுக்கூடத்தில் சம்பளமுள்ள இடம் காலியாக இல்லை. முன்னால் இருவர் காத்திருந்தனர். தந்தையோ முதுமையிலும் வறுமையிலும் இருந்தார். ஆராய்ச்சியை விட்டு மருத்துவத் தொழிலுக்குப் போகும்படி புரூக்கெயே அறிவுரை கூறினார். விரும்பிய படிப்பு ஒருபுறம், வீட்டின் தேவை மறுபுறம். பிராய்டு வியன்னாப் பொது மருத்துவமனையில் கடைநிலை மருத்துவராகச் சேர்ந்தார். மூன்றாண்டுகள் பல பிரிவுகளில் பணியாற்றினார். தியோடர் மைனர்ட் என்ற மூளையியல் அறிஞரிடம் ஐந்து மாதங்கள் பயின்றார்.

இக்காலத்தில் அவர் வாழ்வில் ஒரு கறையும் படிந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1884-இல் கொக்கெய்ன் என்னும் மருந்தை உயர்வாகப் புகழ்ந்து எழுதினார். மார்பின் பழக்கத்தில் சிக்கித் தவித்த எர்ன்ஸ்ட் பிளைஷல் என்ற நண்பருக்கு அதைப் பரிந்துரைத்தார். நண்பர் ஒன்றிலிருந்து விடுபடாமல் மற்றொன்றுக்கும் அடிமையாகி, 1891-இல் இறந்தார். அம்மருந்து கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்பதைச் சோதித்து நிறுவிய புகழ், உடன் பணியாற்றிய கார்ல் கோலருக்குச் சென்றது. அவசரமாகப் புகழ்ந்தவர் நண்பரை இழந்தார். நிதானமாகச் சோதித்தவர் கண் அறுவைக்கு வழி திறந்தார்.

பாரிஸ் நகரமும் குழந்தைகள் மருத்துவமும்

1885-இல் கிடைத்த பயண உதவித்தொகையைக் கொண்டு பிராய்டு பாரிஸ் சென்றார். சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற நரம்பியல் பேரறிஞரிடம் சில மாதங்கள் பயின்றார். நோயாளியை முதலில் கண்ணால் நன்றாகப் பார், கொள்கையைப் பிறகு பேசு என்பதே ஷார்கோவிடம் அவர் கற்ற பாடம். 1886 ஏப்ரலில் வியன்னாவில் சொந்தமாக மருத்துவம் தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் மார்த்தாவை மணந்தார். ஆறு மக்கள் பிறந்தனர். கடைசி மகள் அன்னா பிற்காலத்தில் தந்தையின் துறையிலேயே புகழ் பெற்றார்.

அதே 1886 முதல் காசோவிட்ஸ் என்பவர் நடத்திய குழந்தைகள் மருத்துவ நிலையத்தில் நரம்புப் பிரிவை பிராய்டு கவனித்து வந்தார். வாரத்தில் சில நாட்கள் அங்கே ஏழைக் குழந்தைகளைப் பார்ப்பார். கை கால் முடங்கிய நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பார்த்து அவர் எழுதியவை அத்துறையில் முதல்தரமானவை என மதிக்கப்பட்டன. பிரசவம் சிக்கலானதால்தான் குழந்தையின் மூளை கெடுகிறது என்று அந்நாளில் நம்பினார்கள். கருவிலேயே மூளை பாதிக்கப்பட்டிருந்தால் அதன் விளைவாகவும் பிரசவம் சிக்கலாகலாம் அன்றோ என்று 1897-இல் வெளியான தம் நூலில் பிராய்டு வினவினார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகே அந்த வினாவின் ஆழத்தை உலகம் உணர்ந்தது.

1891-ஆம் ஆண்டு நூல்

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். 1891-இல் பிராய்டின் முதல் தனி நூல் வியன்னாவில் வெளியாயிற்று. பேச்சிழப்பு பற்றி அந்நாளில் நிலவிய கருத்துகளை ஆராயும் நூல் அது. தம்மைவிட மூத்த நண்பரான டாக்டர் யோசப் பிராயருக்கு அதைக் காணிக்கையாக்கினார்.

அந்நாளைய மூளையியலார் மூளையை ஓர் அஞ்சலகம் போலக் கருதினர். பேசுவதற்கு ஓர் அறை, கேட்டதைப் புரிந்துகொள்வதற்கு ஓர் அறை, இரண்டையும் இணைக்கும் ஒரு கம்பி. அறை கெட்டால் ஒரு நோய், கம்பி அறுந்தால் வேறொரு நோய் என்பது அவர்கள் கணக்கு. வெர்னிக்கெ, லிக்தைம், தம் ஆசிரியராகிய மைனர்ட் ஆகிய பெரியோரின் இக்கருத்தை, 35 வயதுப் பிராய்டு துணிந்து மறுத்தார். மொழிக்குரிய பகுதி தனித்தனி அறைகளாக இல்லை. ஒன்றோடொன்று தொடர்ந்த ஒரே பரப்பாக உள்ளது என்றார். மூளை கெடும்போது, பிற்காலத்தில் கற்ற நுண்ணிய திறன்கள் முதலில் குலைகின்றன, பழக்கத்தில் ஊறியவை எஞ்சி நிற்கின்றன என்ற இங்கிலாந்து அறிஞர் ஹூலிங்ஸ் ஜாக்சனின் கருத்தையும் ஏற்றுக்கொண்டார்.

சொல் என்பது என்ன என்றும் அந்நூலில் அவர் கேட்டார். அதன் ஓசை, அதைச் சொல்லும் வாயசைவு, எழுத்தின் வடிவம், எழுதும் கையசைவு ஆகியவை சேர்ந்தது சொல். பொருள் என்பதும் அவ்வாறே: பார்த்த வடிவம், தொட்ட உணர்வு, எழும் ஓசை எனப் பல சேர்ந்தது. சொல்லின் ஓசையும் பொருளின் காட்சியும் கைகோத்துக்கொள்ளும்போது நாம் ஒன்றைப் பெயரிட்டு அழைக்கிறோம். ஆகவே மூன்று இடங்களில் முறிவு ஏற்படலாம். சொல்லே சிதையலாம். சொல்லும் பொருளும் கைவிடலாம். அல்லது பொருளை அறிந்துகொள்ளும் திறனே குன்றலாம். 1870-இல் பிங்கெல்ன்பர்க் என்பவர் உண்டாக்கியிருந்த அசிம்போலியா என்ற சொல்லைப் பிறர் இவற்றையெல்லாம் கலந்து வழங்கி வந்தனர். பிராய்டு அதை இரண்டாவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மூன்றாவதற்கு அக்னோசியா என்று புதுப்பெயர் சூட்டினார்.

கிரேக்க மொழியில் க்னோசிஸ் என்றால் அறிவு. முன்னால் நிற்கும் அகரம் இன்மையைக் குறிக்கும். ஞானம் என்ற வடசொல்லும் அதே வேரில் கிளைத்தது என்று மொழியறிஞர் கூறுவர். ஆகவே அக்னோசியாவும் நம் வழக்கிலுள்ள அஞ்ஞானமும் உடன்பிறப்புகள் எனலாம். கண்வழி நேரும் அக்னோசியாவை இக்கட்டுரையில் பார்த்தறியாமை என்று குறிப்பிடுகிறேன்.

பெயர்தான் பிராய்டு தந்தது. நோயைக் கண்டவர்கள் வேறு சிலர். பெர்லினில் ஹெர்மன் முங்க் என்பவர் 1870-களின் இறுதியில் நாய்களின் மூளையில் பின்புறப் பகுதியில் ஒரு பங்கை நீக்கிப் பார்த்தார். அந்த நாய்கள் எதிரில் உள்ள தடைகளில் மோதாமல் விலகி நடந்தன. ஆனால் உணவை வைத்தால் உணவென்று தெரியவில்லை. சாட்டையை ஓங்கினால் அஞ்சவில்லை. அதை அவர் ஆன்மக் குருடு என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தார். 1890-இல் பிரெஸ்லாவ் நகரத்து இளம் மருத்துவர் ஹைன்ரிக் லிசாவர், 80 வயது முதியவர் ஒருவரிடம் இதே நிலையைக் கண்டு விரிவாக எழுதினார். இதில் இரு வகை உண்டென்று பிரித்தவரும் அவரே. முதல் வகையில், பார்த்த கோடுகளையும் வடிவங்களையும் ஒரே உருவமாகச் சேர்க்க முடியாது. ஒரு படத்தைக் கொடுத்து அதைப்போல வரையச் சொன்னால் வரைய வராது. இரண்டாம் வகையில், படத்தைப் பார்த்து ஓரளவு சரியாகவே வரைந்துவிடுவார். ஆனால் வரைந்தது பூட்டா சாவியா என்று தெரியாது. லிசாவர் 1891-இல், முப்பது வயதிலேயே மறைந்தார். அவர் வகுத்த பிரிவு இன்றும் பாடநூல்களில் நிற்கிறது.

பிராய்டின் நூல் என்னாயிற்று? அச்சிட்ட 850 படிகளில் ஒன்பது ஆண்டுகளில் விற்றவை 257 மட்டுமே. எஞ்சியவை கூழாக்கப்பட்டன. நூல் கூழாகியும் அதிலிருந்த ஒரு சொல் பிழைத்துக்கொண்டது.

நான் அறிந்த ஒருவர்

பிராய்டைப் பற்றி நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. செம்பரம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் என் பெரியப்பா இருக்கிறார். நெடுஞ்சாலையோரத் தொழிற்சாலை ஒன்றில், செய்து வரும் உதிரிப் பாகங்களைக் கண்ணால் பார்த்துக் குறையுள்ளதைத் தனியே பிரித்து வைக்கும் வேலை அவருடையது. பல்லாண்டு செய்த வேலை. ஒரு நாள் மூளையில் இரத்தக்குழாய் அடைத்து மயங்கி விழுந்தார். நல்லவேளையாகக் கை கால் முடங்கவில்லை, பேச்சும் குழறவில்லை. எல்லாரும் தப்பித்தார் என்று மகிழ்ந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. எதிரில் வைத்த செம்பைப் பார்த்து, பளபளப்பாக இருக்கிறது, வாய் குறுகியிருக்கிறது என்று சரியாகச் சொன்னார். செம்பு என்று சொல்ல வரவில்லை. கையில் எடுத்த உடனே சொல்லிவிட்டார். பெரியம்மா பக்கத்தில் நின்றாலும் யாரென்று விழிப்பார். பெரியம்மா ஒரு வார்த்தை பேசினால் முகம் மலர்ந்துவிடும்.

கண் மருத்துவர் பார்த்துவிட்டுக் கண்ணில் பழுதில்லை என்றார். அதன்பின் ஊரார் வாய்க்குப் பூட்டு ஏது? காற்றுக் கருப்பு என்றனர் சிலர். புத்தி பேதலித்தது என்றனர் சிலர். வேலை செய்த இடத்திலோ, கண் தெரிகிறது, கை கால் ஆடுகிறது, வேலைக்கு வர மனமின்றி நடிக்கிறார் என்ற பேச்சு எழுந்தது. நேர்மையாக உழைத்த மனிதரை நோயைக் காட்டிலும் அந்தச் சொல்லே அதிகம் வருத்தியது. மருத்துவமனை கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே ஆகையால் அது என் கைக்கு வந்தது. அதில் அக்னோசியா என்ற சொல்லைக் கண்டேன். அச்சொல்லின் பொருளைத் தேடித்தான் நம் கல்லூரி நூலகத்துக்குச் சென்றேன். பொருளும் கிடைத்தது, அதைத் தந்தவர் பிராய்டு என்பதும் தெரிந்தது. பெயரைக் கற்றதால் பெரியப்பாவின் நோய் நீங்கவில்லை. ஆனால் நடிப்பு என்ற பழி எங்கள் வீட்டாரிடமாவது நீங்கியது. பெயர் தெரிந்த பிறகு பெரியம்மா அறைக்குள் நுழையும்போதே குரல் கொடுத்துக்கொண்டு வருகிறார்; ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் என்று வைத்து, அதை மாற்றுவதில்லை. சீப்பும் சோப்பும் இருக்குமிடம் கைக்குத் தெரிந்திருந்தால் கண் கைவிட்டாலும் காலை வேலை நடந்துவிடுகிறது.

இன்றைய அறிவியல் சொல்வது

பார்த்தறியாமை எவ்வாறு உண்டாகிறது? எங்கள் ஊர் ஏரியைக் கொண்டே விளக்கலாம். செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி நிரம்பித் ததும்பினாலும், மதகுக்குக் கீழுள்ள வாய்க்கால் தூர்ந்துவிட்டால் வயல் காய்ந்தே கிடக்கும். கண் என்பது நீரைக் கொண்டுவரும் ஓடை. மூளையின் பிடரிப்பக்கம் காட்சி வந்து சேரும் ஏரி. அங்கிருந்து இரு வாய்க்கால்கள் பிரிகின்றன. ஒன்று கீழாகக் காதையொட்டிய பகுதிக்குச் சென்று, இது என்ன பொருள் என்பதை அறியச் செய்கிறது. மற்றொன்று மேலாக உச்சிப் பக்கம் சென்று, அது எங்கே உள்ளது, கையை எப்படி நீட்டுவது என்பதைக் கவனிக்கிறது. கீழ் வாய்க்கால் கெட்டால் காட்சி வந்தும் பொருள் விளங்காது.

இதை அழகாக மெய்ப்பித்த ஆய்வு ஒன்று 1991-இல், பிராய்டின் நூல் வெளியாகிச் சரியாக நூறாண்டு கழித்து வெளிவந்தது. 1988-இல் ஒரு பெண்மணி குளியலறையில் சரியாக எரியாத வெந்நீர்க் கருவியிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு வளியால் மயங்கினார். பிழைத்தெழுந்தபோது பொருள்களின் வடிவம் அவருக்கு விளங்கவில்லை. மில்னர், குடேல் ஆகிய அறிஞர்கள் அவரிடம் ஒரு துளையைக் காட்டி, அது எந்தப் பக்கம் சாய்ந்துள்ளது என்று கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை. ஓர் அட்டையைத் தந்து அத்துளையில் போடச் சொன்னதும், கை தானாகவே சரியாகத் திரும்பிப் போட்டுவிட்டது. அறியும் வழி வேறு, செயற்படும் வழி வேறு என்பது விளங்கிற்று.

முகங்களை மட்டும் அறிய முடியாத நிலைக்கு 1947-இல் போடாமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் தனிப்பெயர் தந்தார். தம் மனைவியைத் தொப்பியென்று எண்ணிய இசையாசிரியரைப் பற்றி ஆலிவர் சாக்ஸ் 1985-இல் வெளியிட்ட நூல், பார்த்தறியாமையைப் பொதுமக்களுக்கும் அறிமுகம் செய்தது. மூளையில் இரத்தக்குழாய் அடைப்பு, தலைக்காயம், நச்சு வளி, மூளை படிப்படியாகச் சுருங்கும் சில முதுமை நோய்கள் ஆகியவை இதற்குக் காரணங்கள். சேதம் சிறிதாயின் சில மாதங்களில் ஓரளவு தேறுவோரும் உண்டு. தேறாதவர்கள் தொடுதலையும் ஓசையையும் நிறத்தையும் துணைகொண்டு வாழப் பழகலாம்.

பிற்கால வாழ்வு

பிராய்டின் எஞ்சிய வாழ்வு உலகறிந்தது. பிராயருடன் சேர்ந்து 1895-இல் ஹிஸ்டீரியா பற்றிய நூலை வெளியிட்டார். கனவுகளின் பொருள் கூறும் பெருநூல் 1899 நவம்பரில் வெளிவந்தது. அட்டையில் 1900 என்று அச்சிட்டிருந்தார்கள். 600 படிகள் விற்க எட்டு ஆண்டுகள் ஆயின. மனம் தன்னிடமிருந்தே சிலவற்றை மறைத்து வைக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. அவருடைய கொள்கைகள் பல இன்று கடும் விமர்சனத்துக்கு உள்ளாகியுள்ளன. சோதனைக்கு நிற்காதவை என்று ஒதுக்கப்பட்டவையும் உண்டு. ஆனால் நோயாளி பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதே ஒரு மருத்துவம் என்பதை அவருக்குப் பின் எவரும் மறுக்கவில்லை.

நம் நாட்டோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் கிரீந்திரசேகர போஸ் தம் ஆய்வு நூலை 1921-இல் பிராய்டுக்கு அனுப்பினார். மறு ஆண்டே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் கல்கத்தாவில் தொடங்கியது. இருவரும் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டனர். நேரில் சந்திக்கவே இல்லை. கருத்து வேறுபாடுகளையும் போஸ் மறைக்காமல் எழுதினார். 1931-இல் பிராய்டின் 75-ஆம் பிறந்தநாளுக்குத் தந்தத்தில் கடைந்த திருமால் சிலை ஒன்று கல்கத்தாவிலிருந்து வியன்னா சென்றது. பழங்காலச் சிலைகளை 2000-க்கும் மேல் சேர்த்து வைத்திருந்த பிராய்டு, அதைத் தம் எழுதுமேசையில் வைத்துக்கொண்டார்.

1923-இல் அவருக்கு மேல்வாயில் புற்றுநோய் கண்டது. அடுத்த 16 ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. செயற்கைத் தாடை பொருத்திய வாயால் பேசுவதும் உண்பதும் துன்பமாயின. ஆயினும் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. 1933-இல் நாஜிகள் பெர்லினில் அவருடைய நூல்களைத் தீயிலிட்டனர். 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஹிட்லரின் கைக்குச் சென்றது. மகள் அன்னாவை விசாரணைக்கு அழைத்துச் சென்ற நாளில் முதியவர் பட்ட வேதனை சொல்லி முடியாது. நண்பர்களின் முயற்சியால் அவ்வாண்டு ஜூன் 4-ஆம் நாள் வியன்னாவை விட்டு நீங்கி இலண்டன் சேர்ந்தார். வியன்னாவில் தங்கிவிட்ட அவருடைய சகோதரியர் நால்வர் பின்னர் நாஜி முகாம்களில் மடிந்தனர். 1939 செப்டம்பர் 23-ஆம் நாள், தம் 83-ஆம் வயதில் பிராய்டு இலண்டனில் காலமானார். அவர் விரும்பிச் சேர்த்த பழங்கிரேக்கக் கலயம் ஒன்றில் அவருடைய சாம்பல் வைக்கப்பட்டது. அவர் கடைசியாக வாழ்ந்த இல்லம் 1986 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

நாம் செய்யத்தக்கது

நம் பகுதியில் திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கின்றன. நெடுஞ்சாலையில் இரவும் பகலும் வண்டிகள் ஓடுகின்றன. தலைக்காயத்தோடு பிழைப்போரும், நடுவயதிலேயே மூளையில் அடைப்பு வந்து மீள்வோரும் நம் ஊர்களில் உண்டு. கை கால் விழுந்தால் நோயென்று ஒப்புக்கொள்கிறோம். கண் திறந்திருந்தும் பொருள் விளங்கவில்லை என்று ஒருவர் சொன்னால் நம்ப மறுக்கிறோம்.

மாணவ நண்பர்களே! அத்தகைய ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பின், நடிப்பென்றும் பேய் பிடித்ததென்றும் பேச இடந்தராதீர்கள். மூடிய அறையில் கரி மூட்டவோ, ஜெனரேட்டரை ஓட்டவோ விடாதீர்கள். சாவியைக் காட்டிப் பெயர் கேளுங்கள். தெரியவில்லையெனில் கையில் கொடுத்துக் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத பெயர் கைக்குத் தெரிந்தால், நரம்பியல் பிரிவுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கிய நாள் முதல், அந்த மருத்துவம் ஏழைக்கும் எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது. அங்கே தரும் தாளைப் படித்து, வீட்டாருக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். நம்மில் பலருக்கு, நம் குடும்பத்தில் அதைச் செய்யக்கூடியவர்கள் நாமேதாம்.